கடற்கரை வீட்டுக்கு எந்த ஆமை?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் ராமநாதபுரம் கடற்கரையின் கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் பக்கத்து உறவுகளிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: "காக்கா (அண்ணா), பிள்ளை ஆமை கேட்டு அடம்பிடிக்கிறான். எதை வாங்கிக் கொடுக்கலாம்?" கேட்பவர்களுக்கு ஆமை என்றால் ஒரே பிராணி. கடையில் போய் நின்றால்தான் தண்ணீரில் நீந்துவது, தரையில் நடப்பது, கடைசிவரை கையில் தூக்கக்கூடியது, பத்துப் பதினைந்து வருடத்தில் இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டியது என்று வகைவகையாக இருப்பது தெரியவரும்.

இணையத்தில் படித்துத் தெளிந்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அங்கே எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் குளிர்நாட்டுக்காரர்கள். ஆமையை எப்படிச் சூடாக வைத்துக்கொள்வது என்பதே அவர்களுடைய தலையாய கவலை. நமக்கு வெயில் தேவைக்குமேல் கொட்டிக் கிடக்கிறது. நம் கவலைகள் வேறு: குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, முற்றத்து மணலைத் தோண்டினால் நிற்குமா சரியுமா, ஐப்பசி கார்த்திகையில் எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, வீட்டு ஆட்கள் எல்லோரும் சபர், அதாவது பிழைப்புக்காக வெளிநாடு, போய்விட்டால் யார் தீனி வைப்பது. இவற்றைக் கொண்டுதான் ஒவ்வொன்றையும் இங்கே எடைபோடுகிறேன்.

கண்மாயிலும் கரையிலும் கிடைப்பவை

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பார்கள். ஆமை மீது அப்படிப் பழி சுமத்த எனக்கு மனமில்லை. ஆனால் நட்சத்திர ஆமையைக் கொண்டுவந்தால் ஆமையும் கோர்ட்டு ஆளான அமீனாவும் ஒன்றாகவே புகும். தமிழகத்தின் வறண்ட முட்புதர்க் காடுகளுக்குச் சொந்தமான இந்த அழகான ஆமை, உலகத்திலேயே மிக அதிகமாகக் கடத்தப்படும் ஆமைகளில் ஒன்று. 2019-இல் பன்னாட்டு வனவிலங்கு வணிக உடன்படிக்கையான சைட்டீஸ் இதை மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதல் பட்டியலுக்கு உயர்த்தியது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-இல் வந்த திருத்தமும் இதை மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் வைத்துவிட்டது. முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். "எங்கள் வாப்பா காலத்திலிருந்து இருக்கிறது", "அதிர்ஷ்டத்துக்காக ஒருவர் கொடுத்தார்" என்பதெல்லாம் வழக்கில் நிற்காத பேச்சு.

கண்மாயில் கிடைக்கும் பாலாமைக்கும் இதே அட்டவணைதான். காராமையும் பாதுகாக்கப்பட்ட இனம். மழைக்காலத்தில் இவற்றில் ஒன்று வழிதவறி வாசலுக்கு வந்தால், நாயிடமிருந்து காப்பாற்றிப் பக்கத்துக் கண்மாய் ஓரத்தில் விட்டுவிடலாம். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். கடலாமைகளான பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை பற்றி விவாதத்துக்கே இடமில்லை. வலையில் சிக்கிக் கரை ஒதுங்கியதைக் காப்பாற்றுகிறோம் என்று நன்னீர்த் தொட்டியில் போட்டுவிடாமல், நிழலில் ஈரச் சாக்கு போர்த்தி வைத்து மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவின் ஆட்களுக்குத் தகவல் கொடுத்தால் போதும்.

ஆக, இந்த மண்ணின் ஆமைகள் ஆட்டத்திலேயே இல்லை. மீதம் இருப்பவை வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே விற்கப்படும் மூன்று.

சிவப்புக் காது ஆமை: தண்ணீர்க் கணக்கு

அலங்கார மீன் விற்கும் கடைகளில் முதலில் கண்ணில் படுவது இதுதான். சோற்றுத் தட்டளவு பிளாஸ்டிக் கிண்ணம், நடுவில் ஒரு பிளாஸ்டிக் தென்னைமரம், கால் அங்குலம் தண்ணீர். அதற்குள் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பச்சைக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருக்கும். கண்ணுக்குப் பின்னால் குங்குமத்தை விரலால் இழுத்துவிட்டாற்போல் ஒரு சிவப்புக் கோடு. எந்தப் பிள்ளையும் நின்றுவிடும். விலையும் கையைக் கடிக்காது. "இது இதற்குமேல் வளராது" என்று கடைக்காரர் சேர்த்துச் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

இது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகைக்குரிய இனம். பெண் ஆமை 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது ஆண்டும் வாழும். ஓட்டின் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் ஏறத்தாழ 38 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்போர் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. பத்து அங்குல ஆமைக்கு 380 லிட்டர் தொட்டி. இது தின்பதும் கழிப்பதும் அதே தண்ணீரில் என்பதால், நல்ல வடிகட்டி வைத்திருந்தாலும் வாரத்துக்குப் பாதித் தண்ணீரையாவது மாற்ற வேண்டும். அதாவது 190 லிட்டர். பதினைந்து லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் பன்னிரண்டு பதின்மூன்று குடம், வாரா வாரம்.

மதுரையில் இருப்பவருக்கு இது ஒரு பொருட்டாக இருக்காது. நம் ஊரில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரிக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளைப் பார்த்துக் குடங்களை வரிசையில் வைக்கிறோம். வராத நாளில் வண்டித் தண்ணீரைக் குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிறோம். இந்த ஆமை கொஞ்சம் உப்பைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆயுள் முழுவதும் உவர்நீரில் கிடக்க அது படைக்கப்பட்டதல்ல. வீட்டு ஆர்.ஓ. கருவியின் கழிவுக் குழாயிலிருந்து வருவதைப் பிடித்து ஊற்றலாமே என்று ஒருவர் கேட்டார். அதில் நாம் குடிக்காமல் தள்ளிய உப்பெல்லாம் திரண்டு நிற்கிறது. அது ஆமைக்கும் ஆகாது.

தீனியிலும் ஒரு சிக்கல். கடையில் கூடவே கொடுக்கும் டப்பாவில் இருப்பது உலர்ந்த பொடி இறால். அதை மட்டுமே போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ குறைந்து கண் இமை வீங்கி மூடிக்கொள்ளும். பார்க்க முடியாத ஆமை தின்னாது; தின்னாத ஆமை மெலிந்து சாகும். மீன் மலிந்த ஊர் என்பதால் சாளையை நறுக்கிப் போடுகிறவர்களும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கில் தொட்டி ஒரே நாளில் நாறிவிடும். கருவாடு பக்கத்திலேயே வரக்கூடாது. குஞ்சாக இருக்கையில் மண்புழு, உப்பில்லாத சிறு மீன், தரமான ஆமைத் தீவனம். வளர வளரக் கீரையும் நீர்ச்செடியும் கூட வேண்டும் என்பதே சரியான முறை. இதை முப்பது வருடம் செய்ய வேண்டும்.

சால்மொனெல்லா என்ற குடல் கிருமியையும் சொல்லிவிட வேண்டும். எல்லா ஆமைகளும் அதைச் சுமக்கக்கூடியவை. சிறு குழந்தைகள் கையில் பிடித்து வாயில் வைக்கும் அளவு குஞ்சுகளால் நோய் பரவுவதைப் பார்த்துத்தான் அமெரிக்க அரசு 1975-இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டது. அதன் சொந்த நாட்டிலேயே விற்கக் கூடாத அளவில்தான் இங்கே கிண்ணத்தில் வைத்து விற்கிறார்கள்.

தொட்டி போதாமல் போகும்போது என்ன நடக்கிறது? சாக்குப் பையில் போட்டுக் கண்மாயில் விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்றுகூட நினைக்கிறார்கள். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது. நம் பாலாமையும் காராமையும் வெயில் காயும் கட்டையிலும் தின்னும் தீனியிலும் இது பங்கு கேட்கும். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாய் ஆனாலும் சரி, பறவைகளுக்குப் பேர்போன சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் ஆனாலும் சரி, ஒருமுறை உள்ளே போனதைத் தேடிப் பிடிக்க யாராலும் ஆகாது.

இந்தக் கரைக்கு இருப்பதிலேயே பொருத்தமில்லாதது, இருப்பதிலேயே மலிவாக விற்கிறது. என் பட்டியலில் இது கடைசி.

சல்காட்டாவா, செங்கால் ஆமையா?

தரை ஆமை என்று முடிவு செய்தவுடன் பாதிச் சுமை இறங்கிவிடுகிறது. ஒரு பெரிய தரை ஆமைக்கு அகலமான ஆழமற்ற சட்டியில் பதினைந்து இருபது லிட்டர் தண்ணீர் வைத்து அழுக்கானால் மாற்றினால் போதும். குஞ்சுகளை மட்டும் கழுத்து மூழ்காத வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் தினமும் கால் மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். அதற்கு ஒரு சொம்பு செலவு.

இங்கே கிடைப்பவற்றில் பேசத் தகுந்தவை இரண்டு. ஒன்று சல்காட்டா, சஹாரா பாலைவனத்தின் தென்விளிம்பிலிருந்து வந்தது. மற்றது செங்கால் ஆமை. தென் அமெரிக்காவின் வடபகுதிக் காட்டோரங்களுக்கு உரியது, கால் செதில்களில் சிவப்புப் புள்ளி தெறித்திருக்கும்.

பெயரைக் கேட்டவுடன் எல்லோரும் சல்காட்டா பக்கம் சாய்கிறார்கள். "பாலைவன ஆமை, ராமநாதபுரத்து வெயிலுக்கு இதைவிடப் பொருத்தம் வேறு ஏது?" என்பது வாதம். ராமநாதபுரம் வறண்ட மாவட்டம் என்ற பெயர் நம்மையே ஏமாற்றுகிறது. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மழை இல்லாத நாளிலும் மண்டபம், பாம்பன் பக்கம் கடற்காற்றில் ஈரம் சொட்டுகிறது; துவைத்த துணி சில நாள் மாலைவரை காய்வதில்லை. மண் வறண்டது, காற்று ஈரமானது. கமுதி, முதுகுளத்தூர் பக்கம் உள்ளே போய்விட்டால் இந்தக் கணக்கு மாறும். கரையோரத்துக்கு இதுதான்.

வளர்ந்த சல்காட்டா இந்த ஈரக்காற்றை ஒருவழியாகச் சமாளித்துக்கொள்ளும். அதற்குச் சிரமம் கார்த்திகை மாதத்து ஈரத்தரையும் குளிர்ந்த இரவும் சேர்ந்து வரும் வாரங்கள். மூக்கில் நீர் வடிந்து நுரை கட்டினால் நுரையீரல் தொற்று தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நாட்களில் அதற்குக் காய்ந்த மேட்டுத்தரையும் வெப்ப விளக்கும் வேண்டும். மின்சாரம் போய்ப் போய் வரும் காலமும் அதுவே என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது அது தோண்டும் வளை. சொந்த ஊரில் வெயிலுக்குத் தப்பப் பல மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் தோண்டி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும் இனம் இது. அந்தக் குணத்தை யாரும் மாற்ற முடியாது. நம் கரையோர மணலோ பிடிப்பில்லாதது. தோண்டத் தோண்டச் சரியும். கொஞ்சம் ஆழம் போனால் ஊற்று சுரந்துவிடும். மழை பிடித்தவுடன் வளைக்குள் தண்ணீர் ஏறும், கூரை இடிந்து ஆமை உள்ளேயே புதையும். ஆகவே தோண்ட விடாமல் செங்கல் பாவிய தரையும், அதற்குப் பதிலாக நாமே கட்டிக் கொடுக்கும் குகை போன்ற அறையும் வேண்டும்.

வேலி இன்னொரு கதை. பெரியபட்டினம் பக்கம் ஒரு வீட்டில் பனைமட்டை வேலிக்குள் வளர்ந்த சல்காட்டாவைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மட்டைகளுக்கு நடுவே விரல் அகல இடுக்கு. அதன் வழியே பக்கத்து வீட்டுச் செம்பருத்தி தெரிகிறது. ஆமை முகத்தை அந்த இடுக்கில் பொருத்தி, முன்னங்கால் இரண்டையும் மண்ணில் ஊன்றி, தோளைக் கொடுத்து ஓர் உந்து உந்துகிறது. மட்டை முனகுகிறது. நிறுத்தி மூச்சு விடுகிறது. மறுபடி உந்துகிறது. கட்டுக்கம்பி தெறித்த சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா விளக்குமாற்றோடு ஓடி வருவதற்குள் பாதி உடம்பு அந்தப் பக்கம் போய், முதல் பூ வாய்க்குள்ளும் போயிருந்தது. ஆமைக்கு மறுபக்கம் கண்ணில் படாத சுவர்தான் சுவர். இடுக்குத் தெரிந்தால் அது வழி என்றே எடுத்துக்கொள்ளும். மட்டை வேலி, கம்பி வலை இரண்டும் இதற்கு உதவா. தரைக்குக் கீழே ஓர் அடியாவது இறங்கிய ஹாலோபிளாக் சுவர் வேண்டும்.

ஆண் சல்காட்டா 50 கிலோவைத் தாண்டவும் செய்யும். எழுபது ஆண்டுக்கு மேலும் வாழும். வாங்குகிறவருக்கு நாற்பது வயது என்றால் ஆமை அவருடைய பேரப்பிள்ளைகளுக்குப் போகும் சொத்து. கீழக்கரையின் பெரிய வீடுகளில் எத்தனை வீடு ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கிறது என்று ஒரு தெருவில் நடந்து பார்த்தாலே தெரியும். சபராளி வீட்டுக்கு எழுபது வருட ஆமை எப்படிப் பொருந்தும்? கூட எடுத்துப் போகலாம் என்றால், நாடு தாண்டிக் கொண்டுபோகச் சைட்டீஸ் அனுமதி கேட்பார்கள்.

செங்கால் ஆமையை இந்த ஒவ்வொன்றிலும் வைத்துப் பாருங்கள். வளர்ந்தாலும் ஓடு பெரும்பாலும் 30 முதல் 35 சென்டிமீட்டருக்குள் நிற்கும். வீட்டில் உள்ள யாரும் தூக்கலாம். வளை தோண்டும் வெறி கிடையாது. சருகுக் குவியலுக்குள் நுழைந்து படுப்பதோடு சரி. ஈரக்காற்று அதற்குச் சிரமமே இல்லை, பிறந்த வீட்டுச் சீர். நம் இரவு வெப்பநிலை மார்கழியிலும் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம் என்பதால் பெரும்பாலான நாட்களுக்கு விளக்கே தேவைப்படாது. தாங்காதது ஒன்றுதான்: நிழலற்ற வெயில். சித்திரை வைகாசியில் வெறும் மணலில் விட்டால் ஒரே மதியத்தில் முடிந்துவிடும். ஆனால் தென்னையும் வாழையும் முருங்கையும் உள்ள கொல்லைப்புறம் நம்மில் பலருக்கு இருக்கிறது. துணி துவைக்கும் கல்லைத் தாண்டி வாழையடியில் எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தைச் சோப்புத் தண்ணீர் ஓடாதபடி திருப்பிவிட்டால் இதற்கு அதைவிட நல்ல இடம் அமைத்துத் தர முடியாது.

குறையும் உண்டு. சல்காட்டா போல் ஆளைக் கண்டு ஓடிவந்து காலை முட்டாது. பெரும்பொழுது ஒளிந்தே கிடக்கும். பிள்ளைகள் ஒரு வாரத்தில் சலித்துவிடலாம். விலை அதிகம், கிடைப்பதும் அரிது. தீனியும் கொஞ்சம் கலந்து பார்த்துக் கொடுக்க வேண்டும்.

தீனி, ஓடு, மருந்து

சல்காட்டா புல்லில் வாழும் பிராணி. அருகம்புல், கோரை, ஆடு வளர்ப்பவர்கள் போடும் கோ-4 தீவனப்புல், அதனோடு செம்பருத்தி இலையும் பூவும், மூக்கிரட்டைக் கீரை. நம் ஊரில் யாரும் சீந்தாமல் வேலியோரம் கிடக்கும் சப்பாத்திக்கள்ளி இதற்கு விருந்து: மட்டையை இடுக்கியில் பிடித்து அடுப்புத் தணலில் வாட்டிப் பெரிய முள்ளோடு கண்ணுக்குத் தெரியாத சுணையையும் பொசுக்கிவிட்டு நறுக்கிப் போட வேண்டும். நீரும் நாரும் சுண்ணாம்புச் சத்தும் ஒன்றாகக் கிடைக்கின்றன. பங்குனி தொடங்கி ஆவணிவரை பச்சைப்புல்லே கண்ணில் படாத மாதங்களில் கள்ளிதான் கைகொடுக்கும். அகத்தியும் முருங்கையும் புரதம் மிகுந்தவை என்பதால் எப்போதாவது ஒரு கைப்பிடி. சோறு, பருப்பு, ரொட்டி, மீன், இறைச்சி எதுவும் கூடாது. பழத்துக்கும் அதன் குடல் ஒத்துழைக்காது.

செங்கால் ஆமை பழம் தின்னும். பப்பாளி, மாம்பழம், கொய்யா, கள்ளிப்பழம், இவற்றோடு கீரை, பூ, காளான். எப்போதாவது ஒரு மண்புழு அல்லது அவித்த முட்டைத் துண்டு. பழத்தை மட்டுமே போட்டுவிடக் கூடாது. தட்டில் பாதிக்கு மேல் கீரையும் இலையும் இருக்கட்டும்.

இரண்டுக்கும் ஆகாதவை நம் முற்றத்திலேயே வளர்கின்றன: எருக்கு, அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணிக் கொடி. ஆமையை விடும் முன் வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

சுண்ணாம்புச் சத்துக்கு வெளிநாட்டுப் பொடியை வரவழைக்கத் தேவையில்லை. கணவாய் ஓடு, நம்மவர்கள் கடல்நுரை என்று சொல்வது, கரையோரம் வெள்ளை வெளேரென்று ஒதுங்கிக் கிடக்கிறது. பொறுக்கிவந்து, நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்துவிட்டு, வெயிலில் காயவைத்துக் கூண்டில் போட்டால் ஆமை வேண்டியபோது கொறித்துக்கொள்ளும். தின்ற சுண்ணாம்பு எலும்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அதை ஆமையின் உடம்பு வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து தானே செய்துகொள்ளும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது. கண்ணாடித் தொட்டியில் அடைத்து ஜன்னலோரம் வைத்த ஆமைக்கு வெயில் பட்டாலும் பயனில்லை. ஓடு அழுத்தினால் அமுங்குகிறது, தாடை மெத்தென்று இருக்கிறது என்றால் இதுதான் காரணம்.

ஓடு வழவழப்பாக வளராமல் கட்டம் கட்டமாகக் கூம்பி எழுவதைப் பலர் அழகு என்று நினைக்கிறார்கள். அது கோளாறு. புரதம் அதிகமானதால் வருகிறது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. சல்காட்டாக் குஞ்சுகளை வைத்து வியன்னாவில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், புரதத்தைவிடக் காற்றின் ஈரப்பதக் குறைவே பெரிய காரணம் என்று தெரியவந்தது. பாலைவன ஆமையின் குஞ்சுக்கும் ஈரமான மூலை வேண்டும். நம் கடற்காற்று உண்மையிலேயே உபகாரம் செய்யும் இடம் இது, ஏ.சி. அறைக்குள் வளர்த்து அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மொட்டைமாடியில் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. தளம் சுடும், விளிம்பு தெரியாது. குஞ்சுகளைத் திறந்த முற்றத்தில் விட்டால் காகமும் கீரியும் விடாது; மேலே வலை மூடிய தொட்டி ஓராண்டுக்காவது வேண்டும். நிழலுக்குப் பனையோலைக் கூரையை மிஞ்சியது எதுவும் இல்லை. தகரக் கொட்டகை அடுப்பாகிவிடும். இரண்டு ஆண் ஆமைகளை ஒரே இடத்தில் விட்டால் முட்டிக் கவிழ்த்துக்கொள்ளும். கவிழ்ந்த ஆமை வெயிலில் நிமிர முடியாமல் செத்துப்போகும். துணை இல்லையே என்று ஆமை ஏங்குவதில்லை, ஒன்றே போதும்.

மருந்து விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நம் கால்நடை மருத்துவமனைகள் ஆடு, மாடு, கோழிக்குப் பழகியவை. ஆட்டுக்குப் பூச்சிக்கும் உண்ணிக்கும் போடும் ஐவர்மெக்டின் ஆமைக்கு எமன். சிறு அளவிலும் உடம்பு செயலிழந்து சாகலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி நீங்களே கொடுக்காதீர்கள்; மருத்துவர் எழுதினாலும் "இது ஆமைக்கு ஆகுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஊர்வன பார்த்துப் பழகியவர்களைத் தேடினால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியோ சென்னைக் கல்லூரியோதான். அவ்வளவு தூரம் கொண்டுபோகும் ஆமையின் எடை எவ்வளவு என்பதும் ஒரு கேள்வி. இங்கேயும் செங்கால் ஆமை ஒரு கூடையில் அடங்கிவிடுகிறது.

காகிதம்

சல்காட்டா, செங்கால் ஆமை இரண்டுமே சைட்டீஸ் இரண்டாம் பட்டியலில், அதாவது அனுமதியோடு மட்டும் வணிகம் செய்யக்கூடியவற்றில், இருப்பவை. 2022 திருத்தத்தின் தொடர்ச்சியாக 2024-இல் வந்த விதிகளின்படி, இப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். விற்றாலும் கைமாற்றினாலும் குஞ்சு பொரித்தாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். அனுமதிக்கும் அதிகாரம் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் இருக்கிறது. "அதெல்லாம் யாரும் கேட்பதில்லை" என்கிற விற்பனையாளர் பக்கம் போகாதீர்கள். விலை குறைவாக இருந்தால் அதற்குக் காரணம் அந்தக் காகிதம் இல்லாததாகத்தான் இருக்கும்.

யாருக்கு எது

வாடகை வீடு, மாடி வீடு, ஆண்டில் பாதி பூட்டிக் கிடக்கும் வீடு, பேசத் தெரியாத குழந்தை உள்ள வீடு: எந்த ஆமையும் வேண்டாம். பிள்ளை அடம்பிடித்தால் மாசி பங்குனியில் தனுஷ்கோடி பக்கம் முகுந்தராயர் சத்திரத்துக்கு அழைத்துப் போங்கள். வனத்துறை அங்கே பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. கிண்ணத்துக் குஞ்சைப் பார்த்த பிள்ளைக்கு இதைப் பார்ப்பதும் பிடிக்கும். செலவு பஸ் டிக்கெட்டோடு முடிந்துவிடும்.

மரநிழல் உள்ள கொல்லை, எப்போதும் ஆள் இருக்கும் வீடு, பார்த்துக்கொண்டே இருக்கப் பொறுமை உள்ள பிள்ளை: செங்கால் ஆமை. அதுவும் குஞ்சாக வாங்காமல், நான்கைந்து வயது கடந்து தேறிய ஒன்றைப் பதிவோடு கைமாற்றி வாங்குவது நல்லது. கடைகளில் நோயில் விழுவதெல்லாம் குஞ்சுகள்தான்.

சல்காட்டாவைத் தோட்டம் உள்ளவர்களுக்கு மட்டும் சொல்வேன். ஹாலோபிளாக் சுவர் எழுப்ப இடமும், மழைக்கு ஏறாத மேட்டில் ஓர் அறையும், தனக்குப் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்ட ஓர் ஆளும் இருக்க வேண்டும். சாயல்குடி, ஏர்வாடி பக்கம் பனந்தோப்பு வைத்திருப்பவர்களில் சிலருக்கு இது கூடிவரும். ஊருக்குள் இருப்பவர்கள், ஏற்கெனவே வளர்த்து இடம் போதாமல் தவிக்கும் ஒருவருடைய முற்றத்தை ஒரு மாலைப்பொழுது போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அப்படித் தவிப்பவர்கள் மாவட்டத்தில் இப்போதே இருக்கிறார்கள், "எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று உங்களையே கேட்டுவிடவும் வாய்ப்பு உண்டு.